உடல் பாதுகாப்புப் பாடத்தொகுப்பு: ஒரு கல்வியாண்டு நடத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு

தொடக்கப் பள்ளிகளுக்கென்று உருவாக்கப்பட்டு, பயிற்சி நிறுவனம் ஒன்றின் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு வழங்கப்படும் பாலியல் அத்துமீறல் விழிப்புணர்வுப் பாடத்தொகுப்பு ஒன்றை எங்கள் பள்ளியில் ஒரு கல்வியாண்டு முழுவதும் நடத்தினோம். வகுப்பாசிரியையாக எல்லா அமர்வுகளிலும் உடனிருந்தேன். கையேட்டையும் முழுமையாகப் படித்திருக்கிறேன். இதைத் தங்கள் பள்ளிக்கு அழைக்கலாமா என்று யோசிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கான பகுதி நன்றாக இருக்கிறது, சில இடங்களில் மிக நன்றாகவே இருக்கிறது. பெரியவர்களுக்கான பகுதி அரைகுறையாக இருக்கிறது. இந்தக் குறையைச் சிறியதென்று ஒதுக்க முடியாது. ஒரு குழந்தை வாய் திறந்த பிறகு நடக்க வேண்டியவை அனைத்தும் பெரியவர்களின் கையில்தான் இருக்கின்றன.

வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்ட பாடங்கள், பட அட்டைகள், கைப்பாவைகள், சிறிய அசைபடங்கள், ஆசிரியர் கையேடு, பெற்றோர் கூட்டத்துக்கான உரை, ஆசிரியர்களுக்கான பயிற்சி ஆகியவை தொகுப்பில் அடங்கும். பாடங்களை நடத்த இரண்டு பயிற்சியாளர்கள் எப்போதும் இணைந்தே வருகிறார்கள். வகுப்பாசிரியர் அறையில் இல்லாமல் எந்த அமர்வையும் தொடங்குவதில்லை. எந்தக் குழந்தையுடனும் மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை என்பதை எழுத்திலும் தருகிறார்கள். இவ்வகைச் சேவையை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். குழந்தைகளை எளிதாக அணுகக் கிடைக்கும் எந்த வாய்ப்பும், அதைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவரையும் ஈர்க்கும். பாதுகாப்பைச் சொல்லித்தர வருபவர்கள் அந்த ஐயத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று யாரும் கருதிவிடக் கூடாது. இந்த நிறுவனம் அதை உணர்ந்திருக்கிறது.

இது வீட்டில் சொல்லித்தர வேண்டிய விஷயம், பள்ளி ஏன் தலையிட வேண்டும் என்ற கேள்வியை எங்கள் பெற்றோர் கூட்டத்திலும் சிலர் எழுப்பினார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் அதற்கான விடை கசப்பானது. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் குடும்பத்துக்குள்ளேயே இருப்பவர்கள். ஆபத்து வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தச் செய்தி வீட்டின் வழியாகப் போய்ச் சேராது. யூனிசெஃப் 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிருடன் இருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 37 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது எட்டில் ஒருவர், 18 வயதுக்கு முன்பே வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். உடல் தொடர்பு இல்லாத வடிவங்களையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை 65 கோடி. ஆண்களிலும் சிறுவர்களிலும் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள் 24 கோடி முதல் 31 கோடி வரை. ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இலேயே, தன் 19-ஆவது, 34-ஆவது கூறுகளில், பாலியல் சுரண்டலிலிருந்து குழந்தையைக் காப்பதை அரசுகளின் கடமையாக வைத்தது. அரசின் கடமை எல்லாக் குழந்தைகளையும் சென்றடையும் ஒரே இடம் அரசுப் பள்ளிதான்.

இனி பாடங்களுக்கு வருகிறேன். முதல் பாடம் உடல் உறுப்புகளின் பெயர்களைப் பற்றியது. அந்தரங்க உறுப்புகளைச் செல்லப் பெயரால் சுற்றி வளைக்காமல், கை, முழங்கால், மூக்கு என்று சொல்லும் அதே குரலில் சொல்லித்தருகிறார்கள். தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும் குழந்தையிடம் சொல்லுவதற்குரிய சொல் இல்லையென்றால் கேட்பவருக்கு எதுவும் புரியாது என்பதால் இது அவசியம். முதல் சில நிமிடங்கள் சிரிப்பொலி; அதன் பிறகு யாரும் பொருட்படுத்தவில்லை. பெரியவர்களுக்குத்தான் கூச்சம் நீண்ட நேரம் நீடித்தது. இந்தப் பாடத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தொடுதல் பற்றிய பாடத்தில் இந்தத் தொகுப்பு பல பழைய பாடங்களைவிட ஒரு படி மேலே நிற்கிறது. உனக்குப் பிடித்தால் அது நல்ல தொடுதல், பிடிக்காவிட்டால் கெட்ட தொடுதல் என்று குழந்தையின் உணர்வை மட்டுமே அளவுகோலாக வைத்துச் சொல்லித்தரும் முறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஊசி போடும் மருத்துவரின் தொடுதல் குழந்தைக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அது அத்துமீறல் அன்று. மாறாக, அன்பாகப் பேசி, பரிசு கொடுத்து, விளையாட்டைப் போலத் தொடங்கும் அத்துமீறல் முதலில் வலிப்பதுமில்லை, அச்சுறுத்துவதுமில்லை. சில நேரங்களில் அந்தத் தொடுதல் உடலுக்கு இதமாகக்கூட இருந்துவிடும். அந்தக் குழந்தை, எனக்கு அது கெட்டதாகத் தோன்றவில்லையே, அப்படியென்றால் தவறு என்னுடையதுதானோ என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கு உணர்வைவிடத் தெளிவான விதியே எளிதில் பிடிபடுகிறது என்பதை சாண்டி வுர்ட்டெல் போன்ற ஆய்வாளர்கள் 1980-களிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இந்தத் தொகுப்பு அந்த வழியையே பின்பற்றுகிறது. தூய்மைக்காகவோ மருத்துவத்துக்காகவோ அன்றி யாரும் உன் அந்தரங்க உறுப்புகளைப் பார்க்கவோ தொடவோ கூடாது, தங்களுடையதைப் பார்க்கவோ தொடவோ உன்னைக் கேட்கவும் கூடாது என்பதே விதி. கேட்பவர் யாராக இருந்தாலும், உனக்கு அவரை எவ்வளவு பிடித்திருந்தாலும் இந்த விதி மாறாது என்பதைக் கைப்பாவைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஐரோப்பிய அவை 2010-இல் தொடங்கிய உள்ளாடை விதிப் பரப்புரையின் உள்ளடக்கமும் ஏறத்தாழ இதுவே.

தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது இரகசியங்களைப் பற்றிய பாடம். குழந்தையை நெருங்குபவர் தொடுதலில் தொடங்குவதில்லை, இரகசியத்தில் தொடங்குகிறார் என்ற உண்மையை இந்தப் பாடம் அச்சமூட்டாமல் குழந்தையின் அளவுக்கு இறக்கித் தருகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் ஓர் இனிப்பு, வீட்டில் அனுமதிக்காத விளையாட்டைத் தன் கைபேசியில் விளையாட விடுவது, இது நமக்குள் மட்டும் இருக்கட்டும் என்ற பேச்சு என்று சிறியவையாகத் தொடங்கும் உடன்பாடுகள், குழந்தை எவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பதை அளந்து பார்க்கும் சோதனைகளே. பிறந்த நாள் பரிசை மறைத்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையேடு நேர்த்தியாக விளக்குகிறது. முன்னதற்கு ஒரு முடிவு நாள் உண்டு, அது வெளிப்படும்போது எல்லோரும் மகிழ்கிறார்கள். பின்னதற்கு முடிவே கிடையாது, சொன்னால் யாருக்கோ கேடு வரும் என்ற மிரட்டல் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் பட அட்டைகளை இரண்டு குவியல்களாகப் பிரித்தது. எங்கே வைப்பது என்று தெரியாத அட்டைகளுக்கு மூன்றாவது குவியல் ஒன்றையும் அனுமதித்திருந்தார்கள். அந்த மூன்றாவது குவியலைப் பற்றி நடந்த பேச்சுதான் பாடத்தின் உயிர்ப்பகுதி. இதைத் திட்டமிட்டவர் குழந்தைகளுடன் நீண்ட காலம் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

நடித்துப் பழகும் அமர்வுகளும் பயனுள்ளவை. வேண்டாம் என்று சொல், அங்கிருந்து விலகு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல் என்ற மூன்று படிகளையும் சுவரொட்டியாக ஒட்டிவிட்டுப் போவது எளிது. குழந்தைகளை எழுந்து நின்று உரத்த குரலில் சொல்லிப் பழக வைப்பது கடினம். பயிற்சியாளர்கள் கடினமானதைச் செய்கிறார்கள். குறிப்பாக, முதலில் சொன்னவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல், அவரும் நம்பவில்லை என்றால் மூன்றாமவரிடம் சொல் என்பதையும் நடித்துக் காட்டுகிறார்கள். கேட்க மறுக்கும் பெரியவர் வேடத்தில் பயிற்சியாளர் ஒருவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே உம் கொட்டியபோது, குழந்தைகள் அந்தப் பெரியவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். நம்பிக்கைக்குரிய ஐந்து பேரின் பெயர்களைக் கையின் ஐந்து விரல்களில் எழுதும் பயிற்சியில், அவர்களில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் சரியே.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் உறைந்துபோன குழந்தைக்கு இந்த மூன்று படிகள் என்ன சொல்கின்றன என்பதைக் கையேடு போதிய அளவில் பேசவில்லை. அச்சத்தில் உடல் அசையாமல் போவது இயல்பான எதிர்வினை. பெரியவர்களுக்கும் அது நேர்கிறது. கற்றுத்தந்தபடி நடந்துகொள்ள முடியாத குழந்தை, எனக்குச் சொல்லித்தந்தார்கள், நான்தான் செய்யவில்லை என்று நினைத்துவிட்டால், பாதுகாக்க வந்த பாடமே குற்ற உணர்வைக் கூட்டிவிடும். என்ன நடந்தாலும், நீ எதுவும் சொல்லாமல் இருந்திருந்தாலும், எவ்வளவு காலம் கழிந்திருந்தாலும், அது உன் தவறு அன்று என்ற ஒரு வாக்கியம் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அது இறுதிப் பாடத்தின் இறுதி அட்டையில் இருக்கிறது. அதை முதல் நாளிலிருந்தே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த அத்துமீறல்களை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் பேசியவர்கள், தங்களுக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதாக அதன் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு நீண்ட மௌனத்தை எதிர்கொள்ளும் பாடத்தில் அந்த வாக்கியம் ஓர் ஓரத்தில் கிடக்கக் கூடாது.

அசைபடங்கள் சுமார். ஒன்றில் மரத்தின் பின்னாலிருந்து இருண்ட உடையில் ஓர் அந்நியர் எட்டிப் பார்க்கிறார். பாடம் முழுவதும் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, படத்தில் மட்டும் அந்நியரைக் காட்டுவது பாடத்தையே மறுப்பதாகும். பாதிக்கப்படுபவர் எல்லாப் படங்களிலும் சிறுமி. அத்துமீறுபவர் எல்லாப் படங்களிலும் ஆண். இன்னொரு குழந்தையோ வளரிளம் பருவத்தினரோ அத்துமீறக்கூடும் என்பது எங்குமே இல்லை. இப்படங்களைப் பார்க்கும் சிறுவன், இது தன்னைப் பற்றிய பேச்சன்று என்று எடுத்துக்கொள்வான். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்று தனிப் பாடப்பொருள் எதுவும் இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. உடை மாற்றவும் கழிப்பறைக்குச் செல்லவும் பிறர் உதவியை நம்பியிருக்கும் குழந்தைக்கு, யாரும் தொடக் கூடாது என்ற விதி அப்படியே பொருந்தாது. யார், எந்த அளவுக்கு, எப்படி அனுமதி கேட்டு உதவ வேண்டும் என்பதை விளக்கும் வேறு பாடம் தேவை. இணையவழி ஆபத்துகளுக்கு ஒரே ஓர் அமர்வு ஒதுக்கியிருக்கிறார்கள். படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதும், அனுப்பிய படத்தை வைத்து மிரட்டுவதும் தொடக்கப் பள்ளி மாணவர்களையே எட்டிவிட்ட காலத்தில் இது போதாது. பாடல் ஒன்றும் உண்டு. ஆசிரியர் அறையில்கூட அதை முணுமுணுக்காதவர்கள் இல்லை என்பதைத் தவிர அதைப் பற்றிக் குறையொன்றும் இல்லை.

நிறுவனத்தின் விளம்பரத் தாளில், இந்தப் பாடத்தைப் படித்த குழந்தை அத்துமீறலுக்கு ஆளாகாது என்ற பொருள்படும் வரி ஒன்று இருக்கிறது. அதை நீக்க வேண்டும். பள்ளிகளில் நடத்தப்படும் இவ்வகைத் திட்டங்களைப் பற்றி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட முறைசார் மீளாய்வு, 24 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 5,802 பேரையும் உள்ளடக்கியது. பாடம் பெற்ற குழந்தைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் மேம்பட்டதையும், அந்த அறிவு ஆறு மாதங்கள் வரை நிலைத்ததையும் அது கண்டது. நேர்ந்ததை வெளியில் சொல்லும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கும் சான்று இருந்தது. ஆனால் குழந்தைகள் வகுப்புகளாகவும் பள்ளிகளாகவும் சேர்ந்திருப்பதைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது அந்தச் சான்றின் உறுதி குறைந்தது. பாடம் குழந்தைகளின் அச்சத்தையோ பதற்றத்தையோ கூட்டவில்லை என்ற முடிவைத் தயங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும். அத்துமீறல் உண்மையில் குறைகிறதா என்பதை நீண்ட கால நோக்கில் ஆய்வுகள் போதுமான அளவு அளந்திருக்கவில்லை என்பதையும் அதே மீளாய்வு சொல்கிறது. கல்லூரி மாணவிகளிடம் நடத்தி 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுவயதில் இத்தகைய பாடம் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 14 விழுக்காட்டினரும் பின்னர் அத்துமீறலுக்கு ஆளானதாகக் கூறினார்கள். நம்பிக்கை தரும் எண்கள்தாம், எனினும் நினைவிலிருந்து சொன்னவற்றை வைத்துக் காரணத்தை உறுதிசெய்ய இயலாது. ஆகவே சொல்லத்தக்கது இவ்வளவுதான்: குழந்தை விரைவாக அடையாளம் காணவும் விரைவாகச் சொல்லவும் இப்பாடம் உதவக்கூடும். தடுக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

அந்தப் பெரியவர்களுக்கான பயிற்சிதான் தொகுப்பின் மெலிந்த பகுதி. ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு மாலை அமர்வு. அதில் பாதி நேரம் நிறுவனத்தின் அறிமுகத்திலேயே கழிந்தது. ஒரு குழந்தை வந்து சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, பரிவுடன் கேளுங்கள், உரியவர்களிடம் தெரிவியுங்கள் என்று மட்டும் கையேடு கூறுகிறது. உரியவர் யார், எத்தனை மணி நேரத்துக்குள், எழுத்திலா வாய்மொழியிலா என்பது எதுவும் இல்லை. குறைந்தது இவையாவது இருந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. அவர் உன்னை இங்கே தொட்டாரா என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. அது பின்னர் விசாரணையையே பலவீனப்படுத்தும். குழந்தை பயன்படுத்திய சொற்களை மாற்றாமல் அன்றே எழுதி வைக்க வேண்டும். தலைமையாசிரியர், ஆற்றுப்படுத்துநர், அதிகாரி என்று ஒவ்வொருவர் முன்னும் குழந்தையை நிறுத்தி மீண்டும் சொல்ல வைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்படுபவர் வீட்டில் இருப்பவராக இருக்கக்கூடும் என்றால், உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பது குழந்தையை ஆபத்தில் தள்ளும். குற்றம் சாட்டப்படுபவர் பள்ளியிலேயே பணிபுரிபவர் என்றால் யாரிடம் தெரிவிப்பது என்ற பத்தியே கையேட்டில் இல்லை. பள்ளியின் நற்பெயரைக் காக்கும் எண்ணம் தலைதூக்கும் இடம் அதுதான் என்பதால் இதை மறதி என்று விட்டுவிட என்னால் இயலவில்லை. இவற்றையெல்லாம் எங்கள் பள்ளி குழந்தை நலத் துறையில் அனுபவம் உள்ள வேறொருவரை அழைத்துத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அமர்வுகளுக்குப் பிறகு குழந்தைகள் எங்களிடம் சொன்னவற்றைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்லும் உரிமை அந்தக் குழந்தைகளுக்கு மட்டுமே உண்டு.

கால அட்டவணையைப் பற்றியும் ஒரு சொல். இறுதி அமர்வை நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளில் வைக்க நிறுவனம் முன்வந்தது, நாங்கள் மறுத்தோம். பாடத்தைக் கேட்ட குழந்தை உடனே பேசுவதில்லை. சில நாட்கள் ஆசிரியரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பிறகே பேசும். அந்த நாட்களில் பள்ளி திறந்திருக்க வேண்டும், அறிந்த முகங்கள் அங்கே இருக்க வேண்டும். வாரத்தின் தொடக்கத்தில், முற்பகலில் அமர்வுகளை வையுங்கள் என்பது என் பரிந்துரை. வினாப்பெட்டியை மட்டும் மிகுந்த அக்கறையுடன் வடிவமைத்திருக்கிறார்கள். கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளும் தாளில் ஏதாவது எழுதி மடித்துப் போட வேண்டும் என்பதால், உண்மையாகவே எழுத வேண்டியிருந்த குழந்தை தனித்துத் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாப் பட அட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்தது. பலர் கற்பனை செய்திருந்ததைவிடப் படங்கள் மிகவும் அடக்கமாக இருந்தன. வராத பெற்றோருக்கு மறுநாள் அனுப்பிய துண்டறிக்கையோ, அதிகாரிகள் படிப்பதற்கு எழுதியதைப் போன்ற நடையில் இருந்தது. விரும்பாத பெற்றோர் தங்கள் குழந்தையை விலக்கிக்கொள்ளலாம் என்ற விதி தொகுப்பில் உள்ளது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாடப்பொருளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுவதும், அவர்களின் கேள்விகளுக்கு விடையளிப்பதும் கட்டாயம். ஆனால் விலக்கிக்கொள்ளும் உரிமையை முதலில் பயன்படுத்துபவர் யாராக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த விதி குழந்தையின் பக்கம் நிற்கவில்லை என்பது புரியும். அமெரிக்காவில் எரின் மெரின் என்ற பெண், தனக்குச் சிறுவயதில் நேர்ந்ததை வெளிப்படையாகச் சொல்லி நடத்திய பரப்புரையின் விளைவாக, 2013-இல் இல்லினாய் மாநிலத்தில் அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் இப்பாடத்தைச் சட்டத்தின் வழியே கொண்டுவந்த அந்த வழியைப் பின்னர் மேலும் பல மாநிலங்கள் பின்பற்றின. மாணவர்களோடு பள்ளிப் பணியாளர்களுக்கும் பெற்றோருக்கும் தகவல் தர வேண்டும் என்று அச்சட்டம் கருதுவதைத்தான் இந்தத் தொகுப்பின் அடுத்த பதிப்பு மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் தருவதென்றால், குழந்தைகளுக்கான பாடங்களுக்கு நான்கு, அசைபடங்களுக்கு இரண்டு, பெற்றோர் கூட்டத்துக்கு மூன்று, ஆசிரியர் பயிற்சிக்கு ஒன்றரை. அழைக்க விரும்பும் பள்ளிகள் அந்த மரத்தடி அந்நியர் படத்தைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றை நடத்தச் சொல்லலாம், கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு குழந்தை சொன்னால் யார் என்ன செய்வது என்ற எழுத்துவடிவ நடைமுறை பள்ளியில் இன்னும் இல்லையென்றால், முதலில் அதை எழுதி, சமையலறைப் பணியாளர் முதல் வாகன ஓட்டுநர் வரை எல்லோரிடமும் கையொப்பம் பெற்றுவிட்டு, அதன் பிறகு பயிற்சியாளர்களுக்குத் தேதி கொடுங்கள்.